பல்லாவரத்துக் கருங்கல்

கருங்கல் என்ற சொல்லை அறியாத தமிழர் இரார். கோயில் தூணும் கருங்கல். அடுக்களையிலுள்ள அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல். ரயில் தண்டவாளத்தின் அடியில் கொட்டிப் பரப்பியிருக்கும் ஜல்லியும் கருங்கல். நிறம் கறுத்து, உளிக்கு எளிதில் வசப்படாமல் இருந்துவிட்டால் நமக்கு அது போதும். அந்தக் கல்லின் பூர்வோத்தரத்தை நாம் விசாரிப்பதில்லை. ஆனால் அதை விசாரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். ஒரு பாறையில் அடங்கிய கனிமங்கள் எவை, அது எங்கே எவ்வாறு பிறந்தது, பிறந்தபின் என்னென்ன மாறுதல்களை அடைந்தது என்று ஆராயும் துறைக்குப் பாறையியல் என்று பெயர். நிலவியலின் கிளைகளுள் அது ஒன்று.

அந்தத் துறை முழுவதையும் ஒரு பேச்சுக்குள் அடக்க நான் முயலப் போவதில்லை. ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சென்னையை அடுத்துப் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் ஆகிய இடங்களில் குன்று குன்றாக நிற்கும் கல் அது. நீலகிரி, சேர்வராயன் மலை, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் பெரும்பகுதியும் அதே இனத்துக் கல்லால் ஆனதே. உலகத்து நிலவியல் நூல்கள் அதனைச் சார்னோக்கைட் என்ற பெயரால் குறிப்பிடுகின்றன. கல் சென்னையது, பெயரோ கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஓர் ஆங்கிலேயருடையது. இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜோப் சார்னோக் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். 1690-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலே சுதாநுதி என்னும் சிற்றூரில் வந்து இறங்கிக் கம்பெனியின் வாணிகத்துக்கு நிலையான இடம் தேடிக்கொண்டவர். கல்கத்தா நகரை நிறுவியவர் அவரே என்று நெடுங்காலம் பாடப் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். அந்த இடத்தில் அவருக்கு முன்பே ஊர்களும் மக்களும் இருந்தமையால் அவரை நகரின் நிறுவனர் என்று கொள்ளுதல் தகாது எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. அது கிடக்கட்டும். சார்னோக் இறந்தபின் அவருடைய மருமகர் ஒரு கல்லறை மண்டபம் எழுப்பினார். அதனுள்ளே லத்தீன் மொழியில் எழுத்துப் பொறித்த கரிய கல் ஒன்று வைக்கப்பட்டது. வண்டல் படிந்த வங்கச் சமவெளியிலே தோண்டத் தோண்ட மண்ணும் மணலுந்தான் வரும். அத்தகைய கல் அங்கே கிடைக்காது. ஆகவே அது சென்னைப் பக்கத்திலிருந்து கடல் வழியாகச் சென்றது. பின்னர் அந்த இடத்திலே புனித ஜான் தேவாலயம் எழுந்தது. கல்லறை இன்றும் அதன் வளாகத்தில் இருக்கிறது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் தாமஸ் ஹாலந்து என்ற இளம் அதிகாரி பணிபுரிந்து வந்தார். சென்னைப் பகுதியின் கற்களை அவர் நன்கு அறிந்தவர். கல்லறைக் கல்லை ஆராய்ந்த அவர், அதுவும் பல்லாவரத்துக் கல்லும் ஒன்றே என்று கண்டு, அதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்று கருதி, 1893-இல் எழுதிய கட்டுரையில் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டினார். தம்மை அறியாமலே இந்தக் கல்லை அந்நாளைய தலைநகருக்கு வரவழைத்தவர் சார்னோக் என்பது அவர் கண்ட நியாயம்.

இந்தப் பெயர் எனக்கு அத்துணை உவப்பானது அன்று. கல்லை வெட்டி எடுத்த ஊரின் பெயரை விட்டு, அதன் கீழே படுத்திருப்பவரின் பெயரை ஏன் வைக்க வேண்டும்? ஒரிசா மலைகளில் வாழும் கோண்டு மக்களின் பெயரால் கோண்டலைட் என்று மற்றொரு பாறைக்குப் பெயரிட்டார்கள். அது சாலப் பொருத்தம். ஆயினும் அறிவியலில் ஒரு பெயர் நிலைத்துவிட்டால் அதனை மாற்றுவது எளிதன்று. பல்லாவரத்துக்கு அதனால் பெரும் குறை ஒன்றும் வந்துவிடவில்லை. மகேந்திரவர்மனின் சிற்பிகள் ஏழாம் நூற்றாண்டிலேயே இந்தக் கல்லைக் குடைந்து அங்கே ஒரு குடைவரை அமைத்துச் சென்றார்கள். இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாக இனங்கண்டு எடுத்ததும் அதே பல்லாவரத்தில்தான். 1863 மே 30-ஆம் நாள் ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலார் அதைக் கண்டெடுத்தார். ஒன்று கவனியுங்கள்: அந்தக் கருவி சார்னோக்கைட்டால் செய்யப்பட்டதன்று, குவார்ட்சைட் என்னும் வேறு கல்லால் ஆனது. பருமணிகள் கோத்த சார்னோக்கைட்டைத் தட்டினால் அது கரடுமுரடாக உடையும். குவார்ட்சைட்டோ கத்தி போன்ற விளிம்பு தரும். எந்தக் கல் எவ்வாறு உடையும் என்ற அறிவு எழுத்தறியாத அந்த மனிதனிடத்தில் இருந்தது. பாறையியலின் முதற்பாடத்தை அவன் படித்திருந்தான் எனலாம்.

இனிக் கல்லுக்கு வருவோம்.

பாறைகளை அறிஞர்கள் மூன்று பெருவகுப்பாகப் பிரிப்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மண்ணும் மணலும் நீரில் படிந்து இறுகியவை படிவுப் பாறைகள். அவற்றைப் பற்றி இன்று நமக்கு வேலையில்லை. மற்ற இரண்டுமே நம் கதைக்கு உரியவை. காய்ச்சிய சர்க்கரைப் பாகு மெல்ல ஆறும்போது கற்கண்டு விளைகிறதல்லவா? அதுபோலப் பூமியின் ஆழத்தில் உருகிக் கிடக்கும் குழம்பு ஆறி, அதனுள்ளே படிகங்கள் விளைந்து, ஒன்றோடொன்று பின்னி இறுகி உண்டாவது தீப்பாறை. சூளையிலே அடுக்கிய பச்சைக் கல் வெந்து செங்கல்லாகிறதே, அதுபோல முன்பே இருந்த ஒரு பாறை வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு, உருகாமலே தன் கனிமங்களை மாற்றிக்கொண்டால் அது உருமாறிய பாறை. செங்கல் அறுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சூளையில் சூடு மிஞ்சிப் போனால் சில கற்கள் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். வேகுதலுக்கும் உருகுதலுக்கும் இடையே உள்ள எல்லை அவ்வளவு மெல்லியது. பல்லாவரத்துக் கல் கற்கண்டு இனமா, செங்கல் இனமா என்பதே நூறாண்டுக்கு மேலாக நடந்த வழக்கு.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மேற்புறம் வெயிலிலும் மழையிலும் அடிபட்டுப் பழுப்பேறி இருக்கும். அதைப் பார்த்துப் பயனில்லை. புதிதாக உடைத்த முகத்தைப் பார்க்க வேண்டும். அது கரும்பச்சை கலந்த சாம்பல் நிறமாய், எண்ணெய் தடவியது போன்ற ஒரு பளபளப்போடு தோன்றும். அதில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் இருக்கிறது. சாதாரணமாகக் கண்ணாடி போலத் தெளிந்து அல்லது வெண்மையாகக் காணும் குவார்ட்ஸ் இந்தக் கல்லிலே இலேசான நீலம் பாய்ந்து இருக்கும். பெல்ஸ்பார் என்னும் கனிமம் பிற கற்களில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது. இங்கே அது பச்சையும் கறுப்புமாக மங்கியிருக்கும். குவார்ட்சும் பெல்ஸ்பாரும் மிகுந்த கல்லைக் கிரானைட் என்கிறோம். அந்தக் கணக்கிலே இதுவும் ஒரு கிரானைட்தான். ஆனால் கிரானைட்டுக்கு வழக்கமாக உரிய மூன்றாவது கூட்டாளியான காக்காப்பொன் இதில் ஏறக்குறைய இல்லை. அதன் இடத்தை ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரை 1988-இல் கனிமவியலார் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இரும்பும் மக்னீசியமும் எவ்வளவு என்று கணக்கிட்டு வேறு பெயரால் வழங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. என்றாலும் இந்தக் கல்லைப் பற்றிப் பேசும்போது பழைய பெயரை விட எவருக்கும் மனம் வருவதில்லை, எனக்கும் வரவில்லை.

ஹைப்பர்ஸ்தீனை வெறுங்கண்ணால் உறுதியாக அறிதல் கடினம். அதற்கு நுண்ணோக்கி வேண்டும். கல்லை எப்படி நுண்ணோக்கியில் வைப்பது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு சில்லை வெட்டி, ஒரு பக்கத்தை மழமழவென்று தேய்த்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறுபக்கத்தையும் தேய்த்துக்கொண்டே போவார்கள். தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு ஆகும்வரை தேய்க்க வேண்டும். அப்போது கருங்கல்லும் ஒளியை உள்ளே விடும்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஹென்றி கிளிப்டன் சார்பி இந்த முறையைப் பாறைகளுக்குக் கையாண்டார். மலையை நுண்ணோக்கியால் பார்ப்பதா என்று நகைத்தவர்களும் அந்நாளில் உண்டு. ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியை அந்த மெல்லிய தகட்டின் ஊடே செலுத்தி, மேடையை மெல்லச் சுழற்ற வேண்டும். குவார்ட்சும் பெல்ஸ்பாரும் நிறமற்று நிற்கும். ஹைப்பர்ஸ்தீன் மட்டும் ஒரு நிலையில் இளஞ்சிவப்பாகவும், கால் சுற்றுச் சுழற்றியதும் இளம் பச்சையாகவும் மாறும். முதன்முறை அதைக் காணும் மாணவர்கள் மேடையை முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களை அடுத்த வேலைக்கு இழுப்பது ஆசிரியருக்குச் சற்றுச் சிரமந்தான்.

காக்காப்பொன் இல்லை, ஹைப்பர்ஸ்தீன் இருக்கிறது என்பதில் என்ன பெரிய செய்தி? செய்தி நீரைப் பற்றியது. கரிய காக்காப்பொன்னின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்கு நீரின் கூறு உள்ளது. ஈரம்போல ஒட்டியிருக்கும் நீர் அன்று; படிகத்தின் கட்டமைப்பிலேயே கோத்து வைத்த நீர். ஹைப்பர்ஸ்தீனில் நீர் கிடையாது. காக்காப்பொன்னையும் குவார்ட்சையும் சேர்த்து மிகுந்த வெப்பத்துக்கு உள்ளாக்கினால், காக்காப்பொன் சிதைந்து ஹைப்பர்ஸ்தீனும் பெல்ஸ்பாரும் உண்டாகி, நீர் விடுபடும். ஆகவே சார்னோக்கைட் என்பது நீர் வற்றிய கிரானைட். அந்த நீர் எங்கே போயிற்று, எவ்வாறு போயிற்று என்று கேட்டால் கல்லின் பிறப்பு முழுவதும் வெளிவந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கிரானைட் போன்ற கற்களுக்கு நீர் ஓர் உருக்கி. ஆழத்தில் நீர் தாராளமாக இருந்தால் சுமார் 650 டிகிரி செல்சியஸிலேயே அவை உருகத் தொடங்கும். நீரே இல்லையென்றால் 950 டிகிரி வரை கூடத் தாங்கும். சார்னோக்கைட் உண்டாவதற்கு 700 முதல் 900 டிகிரி வரை வெப்பம் வேண்டும். விடுபட்ட நீர் அங்கேயே தங்கியிருந்தால் பாறை உருகிக் குழம்பாகியிருக்கும். எனவே ஒன்று, நீரை யாரோ வெளியேற்றியிருக்க வேண்டும். அல்லது முதலிலிருந்தே நீர் குறைந்த குழம்பிலிருந்து இந்தக் கல் பிறந்திருக்க வேண்டும்.

ஹாலந்து இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர். 1900-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் அவர் சார்னோக்கைட்டைத் தீப்பாறை என்றே முடிவு கட்டினார். பல்லாவரத்துக் கிரானைட் போன்ற கல்லோடு, அருகே காணப்படும் மேலும் கரிய, மேலும் கனமான கற்களையும் சேர்த்து, இவை யாவும் ஒரே குழம்பிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் என்று கொண்டு, அந்தக் குடும்பம் முழுவதற்கும் சார்னோக்கைட் வரிசை என்று பெயரிட்டார். ஹைப்பர்ஸ்தீன் எல்லாவற்றிலும் இருப்பதே குடும்பச் சாயல். பக்கத்துப் பாறைகளுக்குள் இந்தக் கல் நாக்கு நீட்டியது போல நுழைந்திருப்பதையும் அவர் சான்றாகக் காட்டினார். வலிய வாதந்தான். ஆயினும் இந்தக் கல் உலகில் எங்கெங்கே கிடைத்ததோ அங்கெல்லாம் சுற்றியிருந்தவை சூளையில் வெந்ததுபோல மிகக் கடுமையாக உருமாறிய பாறைகளாகவே இருந்தன. இது தற்செயலாகுமா என்று பிறர் ஐயுற்றார்கள்.

1955-இல் ராபர்ட் ஹோவி என்ற ஆங்கில அறிஞர் சென்னைக் கற்களை நுணுக்கமாக வேதிப் பகுப்புச் செய்தார். இவை முதலில் குழம்பிலிருந்து பிறந்து, பின்னர் ஆழத்திலேயே நெடுங்காலம் கிடந்து, திண்ம நிலையிலேயே மறுபடியும் படிகமாகியவை என்பது அவர் கண்ட சமரசம். 1959-இல் நம் நாட்டு நிலவியலார் ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரத்தையே மீண்டும் அடி அடியாக ஆராய்ந்தார். ஹாலந்து சொன்ன குடும்பம் உண்மையில் ஒரு குடும்பமன்று. கிரானைட் போன்ற கல்லே சார்னோக்கைட் என்ற பெயருக்கு உரியது. கரிய கனத்த கற்கள் அதற்கு முன்பே அங்கிருந்த வேற்றினம். இடைப்பட்டவை இரண்டும் கலந்து உண்டானவை என்று அவர் கூறினார். பெயர் வைத்தவரின் தீர்ப்பையே பெயர் பிறந்த குன்றின்மேல் நின்று மறுத்தது துணிவான செயல். பல்லாவரத்துக் குன்றுகள் நகரத்தால் விழுங்கப்படுமுன் அவர் அதனைச் செய்து முடித்தது நமக்கு நல்லதாயிற்று.

ஆனால் வழக்கின் மிக முக்கியமான சாட்சி கிடைத்தது சென்னையில் அன்று, கருநாடகத்தில். பெங்களூருக்குத் தெற்கே கப்பல் என்னும் ஊர் இருக்கிறது. கப்பல்துர்க்கம் என்ற குன்றின் அடிவாரம் அது. அங்கே சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் வெட்டிய ஒரு குவாரி. வெட்டிய முகத்தில் தெரிவது சாம்பல் நிறமான நைஸ் என்னும் பாறை. வெளுப்பும் கறுப்புமாக வரிவரியாய் ஓடும் அந்தப் பாறையில் காக்காப்பொன் உண்டு. நீர் வற்றாத பாறை அது. அந்த வெளிர்நிறப் பாறையின் நடுநடுவே கரும்பச்சைத் திட்டுகளும் கீற்றுகளும் காணப்படுகின்றன. வெள்ளைத் துணியில் எண்ணெய் சிந்தியது போன்ற தோற்றம். அந்தத் திட்டுகள்தாம் சார்னோக்கைட்! நைஸின் வரிகள் திட்டை நெருங்கி, மங்கி, அதனுள்ளே புகுந்து மறைகின்றன. வெளியிலிருந்து குழம்பு வந்து நுழைந்திருந்தால் வரிகளை வெட்டிக்கொண்டு ஓர் எல்லைக்கோடு தெரிந்திருக்கும். இங்கே அத்தகைய எல்லை இல்லை. இருந்த பாறையே இருந்த இடத்தில் மாறியிருக்கிறது. சி. எஸ். பிச்சமுத்து என்ற மைசூர் அறிஞர் 1960-இல் இதனைச் சார்னோக்கைட் உருவாகும் தறுவாயில் அகப்பட்ட நிலை என்று உலகுக்கு அறிவித்தார். வேக வைத்துக்கொண்டிருந்த சூளையை நடுவிலே திறந்து பார்த்தது போன்ற காட்சி அது. மாற்றம் பாதியில் நின்றுவிட்டமையால் மாறியதும் மாறாததும் ஒரே கல்லில், ஒரு சாண் தூரத்தில், அருகருகே கிடைத்தன.

இந்தக் கீற்றுகள் பெரும்பாலும் பாறையின் வரிகளை ஒட்டியும், பாறை நெளிந்து விலகிய வெட்டுத் தளங்களை ஒட்டியும் செல்கின்றன. விரிசல் வழியே ஏதோ ஒன்று கீழிருந்து ஊறி வந்தது என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? வந்தது நீராக இருக்க முடியாது. அப்படியானால் வேறு என்ன?

மீண்டும் சார்பியிடம் போக வேண்டும். படிகம் வளரும்போது தன்னைச் சுற்றியிருந்த பாய்மத்தில் ஒரு துளியைச் சில சமயம் உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். இத்தகைய நுண்துளிகளை 1858-லேயே அவர் ஆராய்ந்து எழுதியிருந்தார். நூறாண்டுக்கு மேல் கழிந்து, 1971-இல் ழாக் தூரே என்ற பிரெஞ்சு அறிஞர், தென் நார்வேயில் சார்னோக்கைட்டோடு ஒத்த ஆழத்துப் பாறைகளில் அடைபட்ட துளிகளைச் சோதித்தார். நுண்ணோக்கியின் கீழேயே குளிர வைத்துச் சூடேற்றும் சோதனை அது. உறைந்த துளி பூச்சியத்துக்குக் கீழே 56.6 டிகிரியில் உருகுமானால், அது தூய கரியமிலவாயு. அவர் கண்டது அதுவே. சோடாப் புட்டியில் நாம் அடைக்கும் அதே வாயு, ஆழத்தின் அழுத்தத்தால் திரவம் போல் செறிந்து, குவார்ட்சுக்குள்ளே கோடிக்கணக்கான ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்தது. 1979-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ. எஸ். ஜனார்தன், சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் நியூட்டன், ஜோசப் ஸ்மித் ஆகிய மூவரும் சேர்ந்து கப்பல் குவாரியை ஆராய்ந்து, கீழிருந்து எழுந்த கரியமிலவாயு மிகுந்த பாய்மமே அங்கிருந்த நீரை நீர்க்கச் செய்து வெளியேற்றியது என்றார்கள்.

இதனோடு வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கப்பல் குவாரியில் கீற்றளவாக நடந்த மாற்றத்துக்கு இந்த விளக்கம் பொருந்தும். நீலகிரி போன்ற ஒரு மலை முழுவதையும் உலர்த்துவதற்கு எவ்வளவு கரியமிலவாயு வேண்டும்! அவ்வளவும் எங்கிருந்து வந்தது? பாறை ஓரளவு உருகியபோது, உருகிய பகுதி நீரைத் தன்னுள் கரைத்துக்கொண்டு மேலே சென்றுவிட்டது. எஞ்சிய வண்டல் உலர்ந்து நின்றது என்பது எதிர்க்கட்சியின் விளக்கம். நீர் குறைந்த குழம்பிலிருந்தே நேராக விளைந்த சார்னோக்கைட்டுகளும் உலகில் பல இடங்களில் ஐயத்துக்கிடமின்றி இருக்கின்றன. ஆக, ஹாலந்தும் முழுவதும் பிழைபட்டவர் அல்லர். இன்றைய வகைப்பாட்டில் ஹைப்பர்ஸ்தீன் கொண்ட கிரானைட்டைச் சார்னோக்கைட் என்கிறார்கள். அது குழம்பிலிருந்து விளைந்ததா, வெந்து மாறியதா என்று அந்தப் பெயர் கேட்பதில்லை. இதுவே சரியான வழி என்பது என் கருத்து. கல்லில் எவை இருக்கின்றன என்பதை எவரும் பார்த்துச் சொல்லலாம். எப்படி வந்தது என்பதோ வாதத்துக்கு உரியது. வாதத்தைப் பெயருக்குள்ளேயே பூட்டி வைத்தால் ஒவ்வொரு தலைமுறையும் பெயரை மாற்ற வேண்டி வரும்.

வெப்பம் இத்தனை டிகிரி, ஆழம் இத்தனை கிலோமீட்டர் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்ற கேள்வி உங்களிடையே எழுந்திருக்கும். நியாயமான கேள்வி. கல்லில் கார்னெட் என்னும் சிவந்த மணியும் ஹைப்பர்ஸ்தீனும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்ந்திருந்தால், இரும்பையும் மக்னீசியத்தையும் அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அந்தப் பங்கீடு வெப்பத்துக்கு ஏற்ப மாறும். ஆய்வுக்கூடத்திலே பொடி செய்த கனிமங்களைச் சிறு பொற்குழலில் அடைத்து, அழுத்திச் சூடேற்றி, எந்த வெப்பத்தில் எந்தப் பங்கீடு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். பொன் எளிதில் எதனோடும் சேராது என்பதால் பொற்குழல். அந்த அளவையோடு கல்லை ஒப்பிட்டால் வெப்பம் தெரியும்; வேறு சில கனிமச் சேர்க்கைகளால் அழுத்தமும் தெரியும். அழுத்தம் தெரிந்தால் தலைக்கு மேலே எவ்வளவு பாறை இருந்தது என்பது கணக்கு. தென்னாட்டுச் சார்னோக்கைட்டுகள் பொதுவாகக் காட்டும் ஆழம் 20 முதல் 30 கிலோமீட்டர்.

வயதை அறிவது சிர்கான் என்னும் மிகச் சிறிய படிகத்தால். அதில் சிறிதளவு யுரேனியம் அடங்கியிருக்கும். அது குறித்த வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே வரும். இரண்டின் விகிதத்தை அளந்தால் காலம் கிடைக்கும். சென்னை, நீலகிரி, கப்பல் ஆகிய இடங்களின் சார்னோக்கைட்டுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. கேரளத்துப் பொன்முடியிலும் கப்பல் குவாரியைப் போலவே வெளிர்பாறையில் கரும்பச்சைத் திட்டுகள் உண்டு. ஆனால் அவை தோன்றி 55 கோடி ஆண்டுகளே ஆகின்றன. சூளை ஒருமுறை மட்டும் மூட்டப்படவில்லை என்பது இதனால் விளங்கும். இலங்கையின் மலைநாட்டிலும், மடகாஸ்கரிலும், கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையிலும் சார்னோக்கைட் கிடக்கிறது. இந்த நிலங்கள் யாவும் ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாகச் சேர்ந்திருந்தன. பனிக்கடலுக்கு அப்பால் இன்று கிடக்கும் கல்லும் நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக் கல்லும் அந்நாளில் அண்டை அயலார்.

பரங்கிமலைப் படிகளில் ஏறுபவர் ஏறக்குறைய முந்நூறு அடி உயரம் ஏறுகிறார். ஆனால் அவர் கால் மிதிக்கும் கல் பூமியின் மேலோட்டின் நடுவயிற்றிலே, இருபது கிலோமீட்டருக்கும் கீழே வெந்தது. மேலே கிடந்த அத்தனையும் எங்கே? மழையும் காற்றும் ஆறும் அரித்துக் கொண்டுபோயின. பாரம் குறையக் குறையக் கீழிருந்த பாறை மிதந்து எழுவதுபோல எழுந்தது. எழ எழ மேலும் அரிக்கப்பட்டது. 25 கிலோமீட்டரை 250 கோடி ஆண்டுகளுக்குச் சராசரியாகப் பங்கிட்டால் நூற்றாண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வருகிறது.

நாம் அரிப்பதோ வேறு வேகம். ஜல்லிக்காக வெடி வைத்துப் பல்லாவரத்தைச் சுற்றிலும் குடைந்த பள்ளங்களைக் காண்போருக்கு அது தெரியும். ஹாலந்தும் சுப்பிரமணியமும் சுத்தியலோடு நடந்த பாறைமுகங்கள் பல ஜல்லியாகி நம் வீடுகளின் கூரைக்குள்ளேயே இருக்கின்றன. வீடு கட்டக் கல் வேண்டாமா என்றால், வேண்டும். குவாரி வெட்டியிராவிட்டால் கப்பலின் அந்தக் கீற்றுகளும் வெளிப்பட்டிருக்கமாட்டா. ஆனால் ஒரு பாறையின் பெயருக்கே மூலமான இடத்தை முழுவதும் உடைத்துத் தீர்த்துவிட்டால், இனி வரும் ஆய்வாளர் எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்திருக்கிறது. கல்வெட்டும் செப்பேடும் காக்கப்படுவதுபோல ஒரு வெறும் பாறையும் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் நன்கு வேரூன்றவில்லை.

ஒரு வேடிக்கை. சென்னையின் மேற்கே சிக்கராயபுரத்தில் கருங்கல் வெட்டிய பெரும் பள்ளங்களில் மழைநீர் தேங்கி நின்றது. 2017-இல் நகரம் குடிநீருக்குத் தவித்தபோது அந்த நீரைச் சுத்திகரித்து மக்களுக்கு வழங்கினார்கள். கல்லிலிருந்து தண்ணீர் வருமா என்று இனி எவரும் கேட்க முடியாது.

கல்லூரியிலோ பள்ளியிலோ படிக்கும் நீங்கள் இந்தக் கல்லைக் காண நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு பூதக்கண்ணாடி போதும். நினைவுச் சின்னமான பாறையில் சுத்தியலை வைக்காதீர்கள். வீடு கட்டுமிடத்தில் புதிதாக உடைத்துக் கொட்டிய ஜல்லிக் குவியலில் நாலைந்தைப் பொறுக்கினால் ஆயிற்று. நீலம் பாய்ந்த குவார்ட்சைத் தேடுங்கள். எண்ணெய் மினுக்கோடு பச்சையாய் இருக்கும் பெல்ஸ்பாரைத் தேடுங்கள். சில துண்டுகளில் மெல்லிய விரிசல் ஒன்றின் இருபுறமும் கரும்பச்சை நிறம் வெளுத்துச் சாம்பலாகிப் போயிருக்கும். கல் ஆறிய பிற்காலத்தில் அந்த விரிசல் வழியே நீர் மறுபடியும் நுழைந்து, ஹைப்பர்ஸ்தீனைத் தின்று, காக்காப்பொன்னைத் திரும்ப உண்டாக்கிய தடம் அது.